இரண்டாவது டொக்டரிடம் மறைத்தது

12.02.1998
ஒருகொடவத்தையில் கடைக்கான மின்விசிறிப் பெட்டிகளை இறக்கிவிட்டு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தால், மனைவி ஜெகதீஸ்வரி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயதில் இதென்ன செல்லம் என்றேன்.
"சீப்பு பாரமாக் கிடக்கப்பா" என்றாள் தயாளினி.
கண் இமைகளில் ஊதாத் தடிப்பு. விரல் மூட்டுகளிலும்.

27.02
கொட்டாஞ்சேனை டொக்டர் தசை அழற்சி என்கிறார். ஸ்டீரொயிட் மாத்திரை எழுதினார்.

30.03
படி ஏறுகிறாள்! முகம்தான் ஊதிவிட்டது. "கண்ணாடிக்குள்ள ஆரோ குண்டுப் பிள்ளை நிக்குது" என்று சிரிக்கிறாள்.

18.04
கழுத்தில் கட்டி. நுகேகொடையில் பெரிய டொக்டர் ஒருவரிடம் காட்டினேன்.
"முகத்தைப் பாத்தா மருந்து எடுத்த மாதிரிக் கிடக்கு. ஏதும் குடுத்தனீங்களோ?"
"இல்லை" என்றேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல் கேட்டால்தான் உண்மை வரும். இருபது வருடமாய் இப்படித்தான் சரக்கு எடுக்கிறேன். ஜெகதீஸ்வரி என் முழங்கையைக் கிள்ளினாள்.
தடிப்பைப் பார்த்து அவரும் தசை அழற்சி என்றார். இந்த நோயோடு புற்றுநோய் வருவது பெரியவர்களுக்குத்தானாம், பிள்ளைகளுக்கு மிக அபூர்வமாம். ஆனாலும் கட்டியில் ஒரு துண்டு எடுத்தார்.

03.05
துண்டில் தெளிவாக ஒன்றும் இல்லை. கட்டியும் சுருங்கிவிட்டது. என் வழிதான் சரி.

21.06
கொட்டாஞ்சேனை டொக்டர் மாத்திரையைக் குறைத்ததும் கட்டி ஒன்று மூன்றாகி வந்தது. மறுபடி துண்டு எடுத்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய்.
அப்போதுதான் மாத்திரைப் போத்தலை நுகேகொடை டொக்டரின் மேசையில் வைத்தேன். எடுத்து லேபிளை வாசித்தார்.
"இது கட்டியை ஒளிச்சு வைக்கும் ஐயா. சொல்லியிருந்தா வேற மாதிரித் தேடியிருப்பன்."
அந்த இரண்டு மாதம் கிடைத்திருந்தால் — ? கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

22.06
"அது கடை இல்லையப்பா, பிள்ளை." ஜெகதீஸ்வரி இவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

09.10
மறுபடி புற்றுநோய் மருந்து ஏற்றினார்கள். தயாளினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த டொக்டரிட்ட எல்லாம் சொன்னனீங்களோ அப்பா?" என்றாள்.
ஓம் மகள். எல்லாம் சொன்னனான்.

16.03.1999
காலையில் பொலிஸ்காரர் ஒருவர் தமிழ் வீடுகளின் பதிவைச் சரிபார்க்க வந்தார். படிவத்தில் மூன்று பெயர், முன்னால் இரண்டு பேர். "பொடி துவ கோ?" சின்ன மகள் எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறார். ஜெகதீஸ்வரி மரணச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள்.
பெயரை வெட்டிப் பக்கத்தில் ஒப்பம் வைக்கச் சொன்னார். ஒப்பம் வைத்தேன். கோடு அவர்தான் போட்டார்.