நீ இழுத்த வயர்

இன்று காலை அலுவலகத்தில் கரண்ட் போய் வந்தது. சர்வர் மறுபடி இயங்கத் தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஒரு வரி ஓடியது: ஜேர்னல் மீட்கப்படுகிறது. சில செக்கன்களில் எல்லாம் சரியாகிவிட்டது. மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போனார்கள். எனக்கு உன் முகம் வந்து நின்றது, மச்சான்.

ஜேர்னல் என்பது டிஸ்க் தனக்கென்று வைத்திருக்கும் குறிப்பேடு. என்ன மாற்றம் செய்யப்போகிறது என்று முதலில் அங்கே குறித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். பாதியில் கரண்ட் போனாலும், திரும்ப வந்ததும் அதைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். இதை நான் உனக்குச் சொல்லவே இல்லை.

லண்டனில் உன் பிளேஸ்டோ வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை, தூசி உறிஞ்சும் ஹூவரைப் போடுவதற்காகக் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டாய். உன் அம்மாவின் குரல் அதற்குள்தான் இருந்தது. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் உன் அகதிக் கேஸ் இழுபட்ட வருடங்களெல்லாம் ஊருக்குப் போக முடியாமல், அவர் போனில் பேசியதைப் பதிந்து வைத்திருந்தாய். விசா கிடைக்கும் முன்னரே அவர் கண்ணை மூடிவிட்டார்.

நீ பதறியடித்துக் கூப்பிட்டாய். நான் பெரிய மனிதர் தோரணையில் வந்தேன். நீ தொடப் பயந்து தள்ளி நின்றாய். நான் திறந்து பார்த்தபோது எல்லாப் பதிவுகளும் பத்திரமாக இருந்தன. அத்தோடு எழும்பியிருக்கலாம். என் கெட்டித்தனம் விடவில்லை.

"முழுசாச் செக் பண்ணித் தாறன்" என்றேன்.

"முதல் ஒரு கொப்பி எடுப்பமே?" என்று கேட்டாய். பஸ் ஓட்டுகிற உனக்கே அது தெரிந்திருந்தது.

"நீ போய்த் தேத்தண்ணியைப் போடு."

பாவனையில் இருக்கும் டிஸ்க்கில் பழுதுபார்க்கும் புரோகிராமை ஓடவிடக் கூடாது. நகல் எடுத்து, டிஸ்க்கைப் பாவனையிலிருந்து விலக்கிய பிறகுதான் கை வைக்கவேண்டும். அலுவலகத்தில் இதைச் சொல்லி எத்தனை பேரை ஏசியிருப்பேன்! அன்று நானே அப்படி ஓடவிட்டேன். கடும் சேதம் வரும், தொடரவா என்று திரையே கேட்டது. ஆம் என்று அடித்தேன். அடுத்து வந்த கேள்விகளுக்கெல்லாம் வாசிக்காமலே ஆம், ஆம்.

நீ தேத்தண்ணியோடு வந்தபோது கோப்புறை வெறுமையாக இருந்தது. இலக்கங்களைப் பெயராகக் கொண்ட துண்டுகள்தான் மிச்சம். ஒன்றும் திறக்கவில்லை.

"கரண்ட் போனதில டிஸ்க் அடிபட்டுட்டுது, மச்சான்."

எவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்தது. நீ கோபிக்கவில்லை. "நான்தானே இழுத்தனான்" என்று மட்டும் சொன்னாய். என் முகத்தில் நீ காறித் துப்பியிருக்கவேண்டிய நேரத்தில், தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ என்று கேட்டாய்.

அதன் பிறகு நீ வீட்டில் ஒரு வயரையும் தொடவில்லை என்று உன் செத்தவீட்டில்தான் கேள்விப்பட்டேன். "அம்மாவை நானே அழிச்சுப்போட்டன் எண்டு கடைசிமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், அண்ணை" என்றாள் உன் மனைவி. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். வெட்கங்கெட்டவன்.

போன கிழமை அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, இந்த வைஃபை பெட்டியைக் கழட்டலாமோ? அவர் பட்ட பாட்டை நினைச்சால் தொடவே பயமாக்கிடக்கு."

"கழட்டுங்கோ. கழட்டினால் ஒண்டும் அழியாது" என்றேன்.

"ஓம் அண்ணை" என்று நிம்மதியாகப் போனை வைத்தாள். உனக்கு ஒருமுறையாவது நான் சொல்லியிருக்கவேண்டியது அவ்வளவுதான்.