குக்கரில் வெந்த கண்ணாடிக் குழாய்கள்

குக்கரில் இன்னும் பார்லி மால்ட் மணம் போகவில்லை. இரண்டு தரம் தேய்த்துக் கழுவிவிட்டேன். இன்று அவித்த பருப்பிலும் அந்த மணம்தான். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் கண்மூடியபின், பியரைப் புளிக்கவைக்க நீங்கள் வளர்த்த ஈஸ்டில் ஒரே ஒரு குழாய்தான் பிரிட்ஜில் மிஞ்சியிருந்தது. புதிய குழாய்க்கு மாற்றாவிட்டால் அதுவும் செத்துவிடும் என்று, உங்களோடு பியர் காய்ச்சிய, மார்க்கம் பக்கம் இருக்கும் நண்பர் போனில் சொன்னார்.

தொண்ணூற்றிரண்டில் மோர்னிங்சைட்டுக்குக் குடிவந்த புதிதில் இதைத் தொடங்கினீர்கள். "அப்பார்ட்மென்டுக்குள்ளை கள்ளுத் தவறணை வைக்கப் போறியளோ?" என்று கத்தினேன். நீங்கள் குடிப்பதோ அரைக் கிளாஸ். வளர்ப்பதில்தான் பைத்தியம். மால்ட்டை, கட்டியாக உறையவென்று கடற்பாசியோடு காய்ச்சிக் குழாய்களில் ஊற்றி, பஞ்சால் அடைத்து, கிருமி சாகவென்று என் குக்கரில் அவிப்பீர்கள். ஒருநாள் பருப்புக்குக் குக்கர் வேண்டுமென்று நான் அவசரப்படுத்த, பருப்புக் குக்கரைப் போலவே அதையும் பைப்புத் தண்ணீருக்குக் கீழே பிடித்துவிட்டீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கியதில் உள்ளே எல்லாம் பொங்கிப் பஞ்சு நனைந்து, சில நாளில் பச்சைப் பூஞ்சணம். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "இனித் தானா ஆறட்டும். அதுவரைக்கும் பேக்கரிப் பாணைச் சாப்பிடுவம்" என்றீர்கள். பிறகு எத்தனையோ நாள் எங்களுக்குப் பாணும் சம்பலும்தான்.

குழாய் திறக்கும் நேரம் இன்னும் மோசம். காற்று அசையக்கூடாதென்று குளிர்காலத்திலும் ஹீட்டிங்கை நிறுத்துவீர்கள். ஸ்பிரிட் விளக்கு எரியும். "திறந்திருக்கேக்கை கதையாதையும், மூச்சுப் படும்." என்னை வாய்மூட வைத்த ஒரே மனிதர் நீங்கள்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக!

போன சனிக்கிழமை நானே செய்தேன். மால்ட்டைக் காய்ச்சி இரண்டு புதிய குழாய்களில் ஊற்றி, குக்கரில் அவித்து, தானாக ஆறவிட்டேன். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, பழைய குழாயிலிருந்து ஈஸ்டில் ஒரு பொட்டுத் தொட்டுப் புதிய இரண்டிலும் கோடிழுத்தேன். பாதியில் அழுகை முட்டியது. மூச்சுப் பட்டால் கெட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பஞ்சை அடைத்த பிறகுதான் அழுதேன்.

இரண்டிலும் ஈஸ்ட் வெண்மையாகப் படர்ந்திருக்கிறது. பூஞ்சணம் இல்லை. நேற்று நண்பர் வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கேன் கரைச்சல்? ரெண்டையும் நான் கொண்டுபோறன்."

"ஒண்டைக் கொண்டுபோங்கோ" என்றேன். "மற்றது என்னோடை இருக்கட்டும்."