படிகாரம் வைத்த மரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். சண்டை உட்பட எல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது.

புது வேலைக்குப் போகிற நாட்டுக்கு உன் போன்சாய் ஆலமரத்தைக் கொண்டுபோக முடியாது, நம் வீட்டில் வைத்துக்கொள்கிறீர்களா, இல்லை ஆபீஸ் தோழியிடம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வெளிச்சம் எப்படி, தினமும் கவனிக்க ஆள் உண்டா, பொறுமை உண்டா என்று வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி விசாரணை வேறு. கல்லூரி நாளிலிருந்து நீ வளர்த்த மரம். எடுத்த எடுப்பில் சரி என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் நர்சரியில் அதே வகையில் ஒரு குட்டிக் கன்று வாங்கி உன் அப்பாவிடம் கொடுத்துப் பார்த்தேன்.

முதலில் வெளிச்சம். கூடத்தைப் பக்கத்துக் கட்டடம் மறைக்கிறது. காலை வெயில் வருவது சமையலறை ஜன்னலுக்கு மட்டும்தான். கன்று அங்கே போனது. பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உன் அப்பாவும் வந்துவிட்டார். இப்போது நான் உப்பு டப்பாவைத் தொட்டாலே "போதும், போதும்" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கிறது. கன்றுக்கு இடம் ஒத்துக்கொண்டது. எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது தண்ணீர். சலூனை விட்டாலும் உன் அப்பாவுக்கு முடிவெட்டுகிற பழக்கம் விடுமா? தண்ணீர் பீய்ச்சும் பழைய பாட்டிலை எடுத்து, காலையும் மாலையும் இலைகளை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். சீப்பு வைத்து வாராததுதான் குறை. தலை குளிர்ந்ததே தவிர வேருக்கு ஒரு சொட்டு போகவில்லை. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்ததும், "சொட்டை விழுதுடி!" என்று பதறி, தொட்டியோடு நர்சரிக்கு ஓடினார். அங்கிருந்த பெண் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தலைக்கு இல்லீங்க, மண்ணுக்கு ஊத்தணும். மேல்மண் காஞ்சா மட்டும் ஊத்துங்க" என்றாளாம். அந்த அவமானத்துக்கு வீட்டுக்கு வந்து என்னைத் திட்டினார்.

கத்தரி விஷயம்தான் பெரிய கூத்து. கை நடுங்க ஆரம்பித்ததும் கூட வேலை செய்தவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, கத்தரிப் பெட்டியைப் பரணில் போட்டவர் இல்லையா. அன்றிலிருந்து இந்தக் கன்று வரும்வரை யாரோடும் பேச்சில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் உனக்கு நான் சொன்னதெல்லாம் பாதிதான். போன மாதம் தானாகவே பெட்டியை இறக்கினார். தொட்டியைச் சுற்றித் துண்டு போர்த்தினார். ஒரு கிளையை வெட்டினார். வெட்டிய இடத்தில் பால் வடிந்ததும் ஆடிப்போய்விட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள், சவரத்தில் கீறல் விழுந்தால் வைக்கிற படிகாரக் கல்லை நனைத்து அங்கே அழுத்திக்கொண்டு, "எரியுதா? கொஞ்சம் பொறுத்துக்க" என்று கன்றிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டுமாம். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெட்டி வெட்டிக் கடைசியில் ஒட்ட வெட்டிய தலையாகிவிட்டது.

கை நடுங்குகிறதே என்றேன். "நடுங்கினா என்ன, இது எழுந்து ஓடவா போகுது?" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை காலமாயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கன்று பிழைத்துவிட்டது, துளிர் விட்டிருக்கிறது. தினமும் அதனிடம் ஊர்க்கதையெல்லாம் பேசுகிறார். ஆனால் உன் மரம் என்றால் மட்டும் பயம். "அவ மரத்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்? வேணாம்னு எழுது" என்கிறார். அப்படிச் சொன்னவர்தான் ஜன்னல் ஓரத்தைத் துடைத்து, என் ஊறுகாய் ஜாடிகளைத் தள்ளிவிட்டு, இன்னொரு தொட்டிக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

நீ கேட்டதற்கு ஒழுங்கான பதில் இதுதான். வெளிச்சம் உண்டு, ஆள் உண்டு, பொறுமை மட்டும் கிடையாது. மரத்துக்கு நல்லது எது என்று பார்த்தால் தோழி வீடுதான் மேல். இருந்தாலும் இங்கேயே அனுப்பிவிடு. ஆசையாக வளர்த்தது மொட்டையாக நின்றால் உனக்கு வயிறு எரியும், எனக்குத் தெரியும். என்னை நாலு வார்த்தை திட்டிக்கொள். மரம் போனால் வேறு மரம் வாங்கலாம். உன் அப்பாவை நான் எங்கே போய் வாங்குவேன்?

போகிற இடத்தில் வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா