நாடகத்தில் நீ கொடுத்த புகார்

இந்த வருடப் பயிற்சிக்கு வருகைப் பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். போன வருடத்துப் பட்டியலைத் திறந்து தேதியை மாற்றினால் போதுமாம். 'பணியிடத்தில் சமத்துவம், பாலியல் தொல்லை தடுப்பு' என்ற தலைப்பு அப்படியே இருந்தது. பதினான்காவது வரியில் உன் பெயரும் அப்படியே இருந்தது. நான் அந்த வரியிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பதை மேலாளர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பிள்ளைதான் இல்லையேம்மா, எடுத்திரு" என்றார். எடுத்துவிட்டேன். பதினைந்தாவது ஆள் உன் இடத்துக்கு ஏறி வந்தாள்.

நான் கான்சாபுரம், நீ வ. புதுப்பட்டி, ராஜபாளையத்துக்கு ஒரே கம்பெனி பஸ். நீ பேண்டேஜ் துணி சுற்றும் பிரிவில், நான் அலுவலகத்தில். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்று நான் சொன்ன நாளிலிருந்து உனக்கு என் பெயர் மறந்துபோனது. "ஏட்டி பட்டதாரி, செத்த தள்ளி உக்காரு" என்பாய்.

ஒருநாள் உன் வலக்கை விரல்கள் நான்கிலும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. காயமா என்று கேட்டேன்.

"காயமெல்லாம் இல்ல. எங்க சூப்பர்வைசரு ரோல வாங்குதப்ப வெரலயும் சேத்துப் பிடிக்கான். அவன் தோலு படாம இருக்கட்டும்னு."

அதற்கு மேல் நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து ஒரு மேடம் பயிற்சி நடத்த வந்தார். படம் போட்டு விளக்கிவிட்டு, புகார் கொடுப்பதை நாடகமாக நடித்துக் காட்டச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. நீ எழுந்தாய். விசாரணைக் குழுவாக உட்கார என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

"என்னத்தச் சொல்லட்டும் மேடம்?"

"எதுனாலும் சொல்லுங்க, கற்பனைதானே."

நீ சொன்னாய். விரலைப் பிடிப்பதை, விடச் சொன்னால் நாளைக்கு வேலை வேண்டுமா என்று கேட்பதை, குடோனுக்குள் கதவை மறித்து நின்றதை. கூடம் சிரித்தது. "நீ சினிமாவுக்குப் போயிருக்கலாம்லா" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். ஆண்கள் பக்கத்தில் அவனும் உட்கார்ந்திருந்தான். எல்லோரோடும் சேர்ந்து அவனும் கை தட்டினான். நீ யாரையும் பார்க்கவில்லை, என் பேனாவை மட்டும் பார்த்தாய். நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். கீழே நீ உன் சொந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாய்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாய்: "அந்தத் தாள எங்க வச்சிருக்க?"

"ஃபைல்ல."

"அத அப்படியே குழுவுல குடுத்திரு. இன்னொருக்க வாயெடுத்துச் சொல்ல என்னால ஏலாது."

அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால், அது நாடகத்துக்கு எழுதியது, முறைப்படி எழுத வேண்டும், ஆறு நகல் வேண்டும் என்று விதியைச் சொன்னேன். விதி உண்மைதான். "எம்புட்டுப் படிச்சிருக்க" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புகார் கொடுக்க மூன்று மாதம்தான் கெடு என்பதும் எனக்குத் தெரியும். அதையும் கடக்கவிட்டேன்.

பிறகு உனக்கு மஞ்சள்காமாலை முற்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாய். பால்கோவா வாங்கி வந்ததற்கு, "இதத் தின்னா இன்னைக்கே போயிருவேன்ட்டி" என்று சிரித்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்.

"குடுத்தியா?"

"குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"விசாரிக்கப் போறாங்களாம்."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

பட்டியலிலிருந்து உன்னை எடுத்த அன்று, அந்தத் தாளை ஆறு நகல் எடுத்துக்கொண்டு குழுத் தலைவியிடம் போனேன். அவர் வாசித்தார். "இறந்தவங்களுக்காக, விஷயம் தெரிஞ்சவங்க யாரும் புகார் குடுக்கலாம்மா. வாரிசு சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். இவ்வளவு நாள் ஏன் ஆச்சுன்னு காரணமும் எழுதணும். அத ஏத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியல" என்றார். காரணம் எழுதும் இடத்தில் என் பெயரைத் தவிர எழுத வேறு என்ன இருக்கிறது?

நேற்று உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. நீ சொல்லியிருக்கவில்லை. எழுத்துத் தெரியாது என்று தாளை என்னிடமே நீட்டி வாசிக்கச் சொன்னார்கள். நீ பேசியதைப் பேசியபடியே எழுதியிருந்ததால், உன் அம்மாவின் முன்னால் உன் பேச்சு என் வாயிலிருந்து வந்தது. குடோன் கதவு வரும் இடத்தில் அவர்கள் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். "இன்னொருக்க வாசி தாயி" என்றார்கள். வாசித்தேன்.

"செத்த பிள்ளைய ஊருவாயில போடச் சொல்லுதியா?" என்றார்கள். பிறகு கேட்டார்கள்: "இத அவ சொல்லுதப்ப நீ பக்கத்துலயா இருந்த?"

"ஆமா."

"பொறவு?"

கையெழுத்துப் போடவில்லை. தாளையும் திருப்பித் தரவில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சி, அவன் வருவான், முன்வரிசையில் உட்காருவான். உன் இடத்தில் இப்போது ரோல் சுற்றுகிற பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் உன் அம்மாவிடம் போக வேண்டும். நான் கொடுக்கவில்லை, கொடுத்ததாக உன்னிடம் பொய் சொன்னேன், நீ அதை நம்பித்தான் கண்ணை மூடினாய் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் எனக்காக எதற்குக் கையெழுத்துப் போடுவார்கள்? அந்த 'பொறவு?' என்ற கேள்வியோடுதான் இன்று பஸ் ஏறினேன். அதோடுதான் இறங்கினேன்.