இடது சக்கரத்தின் கீழ் போல்ட்

செப்டம்பர் 8, ஞாயிறு

காரின் முன் பிரேக் பேடுகளை நானே மாற்றிவிட்டேன். கம்பெனி பேடு அல்ல, ஆன்லைனில் வாங்கிய வேறு தயாரிப்பு. கண்ணாயிரத்தின் ஷெட்டில் விடுங்கள் என்றுதான் என் மனைவி சங்கரி சொன்னாள். ஏனாத்தூர் கல்லூரிப் பட்டறையில் பதினெட்டு வருடமாகப் பையன்களுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித்தருகிறவன், சொந்தக் காருக்கு மெக்கானிக்கைத் தேடிப் போவதா?

ஓட்டுகிறவள் அவள். தாமல் பக்கம் கிராமச் செவிலியர் வேலை. அங்கன்வாடி மரியம்மாள் அக்காவும் தினமும் அவளோடு அதில்தான் போகிறார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பிரேக் பிடித்தால் கீச்சென்கிறதாம். "தெருவே திரும்பிப் பாக்குதுங்க" என்றாள் சங்கரி. புது பேடு அப்படித்தான், நூறு கிலோமீட்டர் ஓடினால் படிந்துவிடும் என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

படியவில்லை. எதிர்வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, அதையும் மீறிக் கேட்கிறது அவள் வந்து நிறுத்தும் சத்தம். குப்பை டப்பாவைக் கிளறியதில் காரணம் கிடைத்தது. பழைய பேடுகளின் முதுகில் இருந்த மெல்லிய தகடுகள். அவற்றைக் கழற்றிப் புதியதில் பொருத்தியிருக்க வேண்டும். தூக்கிப் போட்டிருக்கிறேன்! சங்கரியிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

மறுபடி ஜாக்கி போட்டுத் தூக்கி, தகடுகளை மாட்டி, கிரீஸ் தடவினேன். வலது பக்கம் முடித்து இடது பக்கம் பாதியில் இருந்தபோது துறைத் தலைவர் போன் செய்தார். செய்முறைத் தேர்வு பற்றி இருபது நிமிடம். பிறகு வந்து சக்கரத்தை மாட்டி இறக்கினேன். பிள்ளையார்பாளையத்தை ஒரு சுற்று சுற்றி வந்தோம். கீச்சு போய்விட்டது. "பரவாயில்லியே" என்றாள். நன்றாகத் தூங்குவேன் இன்று.

செப்டம்பர் 17, செவ்வாய்

வேலை முடிந்து வந்ததும் சங்கரி சொன்னாள்: "இப்ப கீச்சு இல்லீங்க. டக்குனு ஒண்ணு கேக்குது. பள்ளத்துல, ஸ்பீடு பிரேக்கர்ல. இடது பக்கம்."

டிக்கியில் ஸ்டெப்னி ஆடுகிறது போல என்றேன். வாய் அதைச் சொல்லும்போதே இடது பக்கத்துப் போல்ட் நினைவுக்கு வந்தது.

பிரேக்கை அமுக்கும் காலிப்பரை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. கீழ் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்கிவிட்டுத்தான் பேடை எடுப்பது. வலது பக்கத்துப் போல்ட்டை முறுக்கியது நினைவிருக்கிறது. கடைசி இழுப்பு மணிக்கட்டில் வலித்தது. இடது? விரலால் திருகி நுழைத்தேன். போன் வந்தது. எழுந்தேன். திரும்பி வந்து... சக்கர நட்டுகளை இறுக்கினேன். அதற்கு முன் ஸ்பேனரை எடுத்தேனா? எடுத்திருப்பேன். எடுக்காமல் இருப்பேனா?

வெளியே கொட்டுகிறது மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். காலையில் அவளுக்கு முன் எழுந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.

ஏன் இப்போதே சொல்லக் கூடாது? சொன்னால், கண்ணாயிரத்திடம் விடச் சொன்னேனே என்பாள். அவ்வளவுதானே? அதற்காகவா?

செப்டம்பர் 18, புதன்

காலை 6.40. கார் இல்லை. தடுப்பூசி நாள், சீக்கிரம் கிளம்பிவிட்டாள். நான் தூங்கியிருக்கிறேன். அவள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டாள், நான்தான் எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அக்காவும் எடுக்கவில்லை. முருகா! சங்கரி, நிறுத்திடும்மா. எங்கியாச்சும் நிறுத்திடு. நான் போறேன் —

சாயங்காலம்.

பைக்கில் பெங்களூர் சாலையைப் பிடித்தேன். எதிரே ஒரு ஆம்புலன்ஸ் போனது. அவர்களாக இருக்குமோ? திரும்பி அதன் பின்னால் போவதா, நேரே போவதா என்று தெரியாமல் சாலையோரம் நின்றேன். அந்த அரை நிமிடத்தை இனி மறக்கப் போவதில்லை. நேரே போனேன். தாமல் ஏரிக்குத் திரும்பும் இடத்துக்கு முன்னால் நம் கார், சரிவில் இறங்கி, முன்பக்கம் சேற்றில். பக்கத்தில் சங்கரி நிற்கிறாள். நிற்கிறாள்!

"முன்னாடி லாரி நின்னுச்சுங்க. மிதிச்சேன். அடியில டமால்னு ஒரு சத்தம், கால் கீழ போயிடுச்சு. மிதிக்கிறேன், பிரேக்கே இல்ல. ஹேண்ட் பிரேக்க இழுத்துக்கினே லெஃப்டுல ஒடிச்சிட்டேன்."

மரியம்மாள் அக்கா தரையில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். மணிக்கட்டு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டு போட்டு வீட்டில் விட்டு வந்தோம்.

கண்ணாயிரம் காரை இழுத்து வந்து சக்கரத்தைக் கழற்றினார். கீழ் போல்ட் இல்லை. காலிப்பர் மேலே சுழன்று சக்கரத்தில் அடித்து, பிரேக் ஆயில் குழாயை அறுத்திருந்தது.

"ஆன்லைன்ல வாங்கினது. மட்டமான பேடு" என்றாள் சங்கரி.

அவர் பேடைத் துடைத்துப் பார்த்தார். "பேடு நல்லாத்தாம்மா இருக்குது." பிறகு என்னைப் பார்த்தார். நான் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள்.

"செவ்வாய்க்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகம் இருந்தது."

"அப்பவே தெரியும்."

"ஆமா."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். "அக்காகிட்ட நீங்களே போய் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். காலையில் பஸ்ஸில் போனாள். கார் சரியாகி வந்தாலும் பஸ்தானாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மரியம்மாள் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவே நேரம் பிடித்தது. போலீசுக்குப் போவாரோ, அவருக்கும் சங்கரிக்கும் உள்ள நட்பே முறியுமோ? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்தார். "நாலு நாளா அந்த பேடு கம்பெனிக்காரனத்தான் திட்டிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ்ல போயிருப்போமே தம்பி."

கிளம்பும்போது டீ குடிக்கச் சொல்லவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

கண்ணாயிரம் காரைக் கொண்டுவந்து விட்டார். யாரும் தொடவில்லை.

அக்டோபர் 26, சனி

கட்டுப் பிரிக்கும் நாள். கார் எடுத்து வரச் சொல்லி அக்காதான் சங்கரிக்குப் போன் செய்தாராம். நான் ஓட்டினேன். சங்கரி பின்னால் அவரோடு உட்கார்ந்துகொண்டாள். தீபாவளிக்குப் பட்டு எடுக்க வந்த கூட்டம், காந்தி ரோட்டில் பத்தடிக்கு ஒரு பிரேக். ஒவ்வொரு முறையும் என் கால் கீழே போகப் போகிறது என்றே நினைத்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னால் பேச்சு நின்றது. மூன்று பேரும் அந்த டக் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினோம். ஒன்றுமில்லை.

திரும்பி வந்து அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, மெலிந்து வெளுத்த அந்தக் கையாலேயே அக்கா கதவைச் சாத்தினார். ஜன்னல் பக்கம் குனிந்து சங்கரியிடம், "புதன்கிழமை ஏழு மணிக்கு வாசல்ல நிப்பேன்" என்றார்.

சங்கரி இறங்கி முன்னால் வந்து, என்னைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொன்னாள்.