நடுவில் இறங்க முடியாத பயணம்

இன்று காலை சர்க்கரை மாத்திரையைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது, உன் மாத்திரை அட்டை கையில் அகப்பட்டது. கப்பலில் தலைசுற்றும், வாந்தி வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, திருவாரூர் மெடிக்கலில் நீ வாங்கி வைத்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. தேதி முடிந்து வெகுநாள் ஆகிறது. குப்பையில் போடப் போனவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெளியே விடாத மழை. முப்பது வருடம் என் மனைவியாக இருந்தவளுக்கு இதுதான் நான் எழுதும் முதல் கடிதம்.

மகள் சென்னையிலிருந்து அனுப்பிய வீடியோவில்தான் உனக்கு அந்த ஆசை பிடித்தது. துறைமுகத்தில் ஏற்றி, மூன்று நாள் கடலைக் காட்டிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவார்களாம். “ஏறுன எடத்துலயே எறங்குறதுக்கு எதுக்குக் கப்பல்? நம்ம டவுன் பஸ்ஸே அதத்தானே செய்யுது” என்றேன். நீ விடவில்லை. சோறு வடிக்கும்போது ஒரு காரணம் சொல்வாய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது இன்னொன்று. மூன்று வேளையும் யாரோ சமைத்து வைத்திருப்பார்கள், தின்ற தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வரலாம் என்பாய். “நான் கழுவாத தட்டுல ஒரு தடவயாவது சாப்புடணுங்க” என்றாய். அதற்கும் சிரித்துத் தொலைத்தேன்.

நாகூரில் உன் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தபோது கடற்கரையில் நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. “மதகு தெறக்க வேணாம், முறை வச்சுப் பாய்ச்ச வேணாம், யார்கிட்டயும் சண்ட போட வேணாம். எவ்வளவு தண்ணி பாருங்க!” நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால், மேற்கே நம் ஊர்ப் பக்கம் கருத்துக்கொண்டு வந்த மேகத்தைத்தான் பார்த்தேன். வயலில் குறுவை நெல் அறுத்துக் கிடந்தது. உன் சிநேகிதி நெய்ச்சோறு ஆக்கி வைத்திருந்தாள். அதில் கை நனைக்காமல், உன்னை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த ஒரு நாள் மட்டுமா? உன் தம்பி கல்யாணத்தில், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதென்று போன் வந்ததும், தாலி கட்டுவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியவன் நான். தண்ணீர் வந்தாலும் ஓட்டம், வராவிட்டாலும் ஓட்டம். எங்கே போனாலும் நீ தனியாகத்தான் திரும்பி வந்தாய்.

ஒருநாள் வாசலில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டாய். “ஏங்க, கப்பல்னா நடுவுல எறங்க முடியாது. அதுக்குத்தான் கேக்குறேன்.”

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. தை அறுவடை முடிந்ததும் போகலாம், டிக்கெட் போடு என்று அன்றைக்கே மகளிடம் சொன்னேன். மறுநாளே நீ மாத்திரையோடு வந்து நின்றாய்.

கார்த்திகையில் உனக்கு மூச்சுத்திணறல் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் மதியம், பக்கத்து வயல்காரர் கூப்பிட்டார். “அண்ணே, வடிகால்ல ஆகாயத்தாமர அடச்சுக்கிச்சு. பயிரு தல தெரியல, ஒடனே வாங்க.” மகள் உன் பக்கத்தில் இருந்தாள். நான் குனிந்து கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினேன். நீ மூக்கிலிருந்த குழாயை ஒதுக்கிவிட்டுச் சொன்னாய்: “போயிட்டு வாங்க. இது கப்பலா என்ன, எறங்கலாம்.”

கேலி பேசும் தெம்பு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கரையில் வைத்திருந்த போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கரையேறி எடுத்துப் பார்த்தபோது மகளின் பெயர் ஏழு முறை இருந்தது. நீ போய்விட்டிருந்தாய். பயிரும் பிழைக்கவில்லை, பத்தே நாளில் அழுகிப்போயிற்று.

வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. போன வாரம் மகள் கூப்பிட்டாள். “அப்பா, இப்பத்தான் வேல ஒண்ணும் இல்லையே. அம்மா ஆசப்பட்ட கப்பல்ல ஒரு தடவ போயிட்டு வந்துருவோம்.” நீ சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். நான் போவதற்கென்று அதில் ஒரு காரணமும் மிச்சமில்லை. வேண்டாம்மா என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மழை வலுத்துவிட்டது. இந்நேரம் வடிகால் நிரம்பியிருக்கும். யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. செருப்பு வாசலில் கிடக்கிறது, மாத்திரை அட்டை சட்டைப்பையில் உறுத்துகிறது. நீ கேட்டது மூன்றே நாள்தான். இப்போது எத்தனை நாள் வேண்டுமானாலும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் நீதான் இல்லை.