நோராவுக்குச் சொல்லாத சாவு

1991 நவம்பர், வியாழன் இரவு. லண்டன், டூட்டிங்.

பக்கத்து வீட்டு நோராவின் தாய் அயர்லாந்தில் இறந்து, அடக்கமும் முடிந்துவிட்டதாம். நோராவுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று இறைச்சிக் கடையில் ஒருத்தி அனுதாபம் சொன்னபோதுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது.

அந்தக் குடும்பத்தில் முதலில் லண்டனுக்கு வந்தவள் நோரா. ஆஸ்பத்திரியில் தரை துடைத்து, தங்கையையும் இரண்டு தம்பிமாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தன் ஒற்றை அறையில் வைத்துப் பார்த்தவள். அந்த மூவரும் இவளை விட்டுவிட்டுப் போய் மண் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஏன் சொல்லேல்லை எண்டு தங்கச்சியைக் கேட்டன். நீ வந்தால் சண்டை பிடிச்சிருப்பாய் எண்டாள்."

கோட்டைக் கழற்றாமலே நோரா என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். அழவில்லை.

அவள் போனதும், லண்டனின் மறுபக்கம் பிளேஸ்டோவில் இருக்கும் என் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவனை இங்கே கூப்பிட்டவள் நான். அம்மா இருக்கும் ஊரில் சண்டையால் போன் இல்லை; செய்தி கொழும்பு வழியாக அவனுக்குத்தான் வரும்.

"அம்மா எப்படி இருக்கிறா?"



"ஏன் அக்கா இப்ப கேக்கிறீங்கள்?"

"சும்மா. சொல்லு."

"நாளைக்கு நேரில வாறன், அக்கா."

என்ன சொல்ல வருகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. எத்தனை நாளாக என்னிடம் மறைத்து வைத்திருந்தான் என்பதுதான் தெரியவில்லை.